இந்த வாரம் மங்களம் பரிந்துரைப்பவை

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஐந்து கட்டுரைகளைப் பரிந்துரைத்தாக வேண்டும். மணி ஒன்பதே முக்கால். பாஸ்கரனிடம் நான்குதான் இருந்தன.

தோற்ற அணியின் பேருந்துப் பயணம் பற்றித் துருக்கிப் பள்ளி ஆசிரியை ஒருத்தி எழுதியது ஒன்று. இடது கைக்காரர்களைப் பற்றி அர்ஜென்டினாக்காரர் ஒருவர் எழுதியது ஒன்று. மூன்றாவது, பிலிப்பைன்ஸ் கோச் டெல்ஃபின் எழுதியது; அது இல்லாமல் பட்டியலே கிடையாது. நான்காவது எதைப் பற்றி என்றே அவருக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருந்தது. சேர்த்துக்கொண்டார்.

'கூடைக்கு வெளியே' என்ற அந்த வலைப்பூ அவருடையது அல்ல, மனைவி மங்களத்துடையது. பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். உலகத்தில் எந்த மூலையில் யார் கூடைப்பந்து பற்றி எழுதினாலும் தேடிப் பிடித்துப் படிப்பாள். படித்ததில் சிறந்த ஐந்தைச் சனிக்கிழமைதோறும் பரிந்துரைப்பாள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் நாலு வரி, கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. உலகம் முழுக்க நூற்றுச் சொச்சம் பேர் அதைப் படித்தார்கள். அவர்கள் குடியிருந்த தங்கச் சுரங்க ஊரான கேஜிஎஃபில் ஒருவரும் இல்லை.

பாஸ்கரன் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பந்து மேலே போனால் கீழே வரும் என்பது வரைக்கும் அவருக்குக் கூடைப்பந்து தெரியும்.

போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை மங்களம் போய்விட்டாள். கணினியில் அந்த வாரப் பட்டியல் பாதியில் நின்றிருந்தது. மூன்று எழுதியிருந்தாள். நான்கு, ஐந்து என்று வெறும் எண்களைப் போட்டு வைத்திருந்தாள். பாதி முடிந்த பாகத்தை ஒரு நாளும் அடுத்த பிரிவுக்கு அனுப்பாத மனிதர் அவர். காரியங்கள் முடிந்ததும் உட்கார்ந்து அந்த இரண்டையும் நிரப்பினார். வெளியிடும் பொத்தானை அழுத்தியதும் அடியில் 'மங்களம், கேஜிஎஃப்' என்று தானாக வந்தது. அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தது. சனிக்கிழமைகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இறந்துவிட்டாள் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த வரிக்குக் கீழே அந்தப் பெயர் கடைசி முறையாக வரும். அதற்கு மட்டும் அவருக்குக் கை வரவில்லை. ஏழு மாதமாக ஐந்து ஐந்தாகப் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு ஐந்தாவது கிடைத்தது. ஆட்டக்களத்துக்கு மரத்தளம் போடுகிற ஒரு தச்சர் எழுதியது. பலகைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, மழைக்காலத்தில் எவ்வளவு உப்பும் என்பதெல்லாம் அளவு சுத்தமாக இருந்தது. பாஸ்கரனுக்கு நாக்கில் நீர் ஊறியது. நாலு வரி எழுத வேண்டிய இடத்தில் நாற்பது வரி எழுதி, பத்து மணியையும் தாண்டிவிட்டார்.

திங்கட்கிழமை கோச் டெல்ஃபினிடமிருந்து கடிதம் வந்தது.

'மேடம், முப்பது வருஷம் ஆட்டக்காரர்களின் காலையே பார்த்தேன். காலுக்குக் கீழே தரை இருப்பதை நீங்கள்தான் காட்டினீர்கள். அடுத்த வாரம், அவரவர் இடத்தைக் காத்து ஆடும் இட வாரித் தடுப்பாட்டம் பற்றி உங்கள் கருத்தை எழுத வேண்டும்.'

பாஸ்கரனுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கோச் டெல்ஃபின் சாதாரண ஆள் இல்லை. சிறிய தீவில் தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு சிமெண்டுக் களம். ரப்பர் செருப்போடு ஆட வருகிற பிள்ளைகள். அவர்களைப் பற்றித்தான் எழுதுவார். மழை நாளில் களம் நனைந்துவிட்டால் மாதா கோயில் படியில் உட்கார்ந்து பந்தை ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருந்த ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துவிட்டு, பாஸ்கரன் அன்று சாப்பிட மறந்திருந்தார். கூடைப்பந்தில் தமக்கு ஏதாவது தெரியுமென்றால் அது அந்த மனிதர் போட்ட பிச்சை என்று நினைத்தார். நானூற்றுச் சொச்சம் பதிவுகளையும் படித்து, ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்.

அந்தக் குறிப்பேட்டில் இட வாரித் தடுப்பாட்டம் பற்றி ஒன்றும் இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். கேஜிஎஃபின் நந்திதுர்க் பகுதியில் அவர்கள் வீட்டு எதிரில்தான் தெருக்குழாய். பார்த்ததை எழுதினார்:

'எங்கள் குழாயடியில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, எதிரி போகிற இடமெல்லாம் குடத்தோடு பின்னாலேயே போகிறவர்கள். இன்னொரு வகை, தன் இடத்தை விட்டு நகராமல், அங்கே யார் வந்தாலும் ஒரு கை பார்க்கிறவர்கள். பக்கத்து வீட்டுக் குணசுந்தரி இரண்டாவது வகை. அவளைத் தாண்டி இதுவரை ஒரு குடமும் குழாயை எட்டியதில்லை.'

அதோடு தொலைந்தது. கோச் அதைத் தன் தளத்தில் முதலிடத்தில் வைத்தார். துருக்கி ஆசிரியை தன் மாணவிகளுக்கு 'குணசுந்தரி மாதிரி நில்லுங்கள்' என்று சொல்லிக் கொடுப்பதாக எழுதினாள். கடைசியில் கோச் பின்னூட்டத்தில் கேட்டே விட்டார்: 'மேடம், என் வாசகர்களுக்காக உங்களோடு தொலைபேசியில் பேச வேண்டும்.'

தொண்டை கட்டியிருக்கிறது என்று பாஸ்கரன் பதில் போட்டார். இஞ்சியும் எலுமிச்சையும் கலந்து குடிக்கச் சொல்லி, 'அப்படியானால் வீடியோவில் முகத்தை மட்டும் காட்டுங்கள்' என்றார் கோச். எங்கள் ஊரில் இன்டர்நெட் சரியில்லை என்று எழுதினார் பாஸ்கரன். பக்கத்து ஊரான பங்காருப்பேட்டையிலிருந்து ரவிகுமார் என்று ஒரு புதிய வாசகர் அதற்குக் கீழே வந்து குதித்தார்: 'மேடம், நம்ம கேஜிஎஃப்ல நெட் சூப்பரா வருதே! எந்த சிம் வெச்சிருக்கீங்க?'

வேறு வழியில்லாமல், உடம்பு கொஞ்சம் சரியில்லை என்று எழுதினார். அதுதான் பெரிய பிழை. அர்ஜென்டினாக்காரர் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். யாரோ ஒருவர், மேடம் இருக்கிறாரா, இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டார். ரவிகுமார், ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே பழம் வாங்கிக்கொண்டு வருவதாக அறிவித்தார்.

'வர வேண்டாம், ஞாயிறு பதினொரு மணிக்கு வீடியோவில் வருகிறேன்' என்று எழுதிவிட்டு பாஸ்கரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

குணசுந்தரி கீரைக்கட்டோடு உள்ளே வந்தாள். "இன்னா சார், பேயறைஞ்ச மாதிரி கீறீங்க? துன்னீங்களா இல்லியா?"

"குணாம்மா, ஒரு உதவி வேணும். ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் நீங்க மங்களமா இருக்கணும்."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள். "யோவ்! சீக்கிரம் வாய்யா. சாருக்கு இன்னாவோ ஆயிப்போச்சு."

சம்பங்கி வந்தார். சுரங்கம் மூடும்வரை அதில் வேலை பார்த்தவர். பாஸ்கரன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இருபது வருசம் சொரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கனவன் நானு. அப்பகூட இப்டி பயந்ததில்ல சார்."

"எனக்கு இங்கிலீஷு வராதே," என்றாள் குணசுந்தரி.

"தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிட்டேன். நீங்க பேசவே வேணாம். தலையாட்டினா போதும்."

"இவளா? பத்து நிமிசமா? பேசாமயா?" சம்பங்கி எழுந்துகொண்டார். "சார், வேற ஆளப் பாருங்க."

"போய்யா. டீச்சருக்காக ஒரு பத்து நிமிசம் வாய மூடிகினு இருக்க மாட்டனா?" என்றாள் குணசுந்தரி. ரோஷத்தில் ஒப்புக்கொண்டாள்.

ஞாயிறு காலை பத்தரைக்கே தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்து கணினிக்கு எதிரில் உட்கார்ந்தாள். மங்களத்தின் விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். திரும்பிச் சுவரைப் பார்த்தவள், "ஐயோ சார்!" என்றாள்.

"என்ன?"

"பின்னால டீச்சர் படம் மாலையோட தொங்குது. டீச்சரே அதுக்கு முன்னால உக்காந்துகினு பேசனா நல்லாவா இருக்கும்?"

பாஸ்கரன் படத்தைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, கணினிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். பதில்களை மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி அடுக்கி வைத்திருந்தார். தலையாட்ட முடியாத கேள்வி வந்தால் அவர் தூக்கிக் காட்டுவார். குணசுந்தரி ரகசியக் குரலில் படிப்பாள். சொல்லியும் கேளாமல் ரவிகுமார் பழத்தோடு வந்துவிட்டால் தடுக்க சம்பங்கி வாசலில் நின்றார்.

பதினொன்றுக்குத் திரை வெளிச்சமானது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசிலோடு ஒரு வயதான மனிதர். அலமாரிக் கண்ணாடியில் பிரதிபலித்த அந்த உருவத்தைப் பார்த்ததும் பாஸ்கரனுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. கோச்சுக்குப் பின்னால் சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வெள்ளையடித்தவன் சரியில்லை என்று ஆய்வாளர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"மேடம் மங்களம்! உடம்பு தேவலையா?" என்றார் கோச், ஆங்கிலத்தில்.

குணசுந்தரி தலையாட்டினாள்.

"உங்களுக்கு மிகவும் பிடித்த ஆட்டம் எது?"

பாஸ்கரன் ஒரு தாளைத் தூக்கினார். "ஆல் கேம்ஸ் ஆர் குட், கோச்," என்று கரகரத்தாள் குணசுந்தரி.

கோச் தொப்பியைச் சரிசெய்தார். பக்கவாட்டில் எங்கோ பார்த்துவிட்டு, "அருமை, மிக ஆழமான பதில்," என்றார். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவர் அப்படித் தாமதித்தார். தீவில் நெட் மெதுவாக இருக்கும் என்று பாஸ்கரன் நினைத்துக்கொண்டார்.

எட்டு நிமிடம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு கோச் சிரித்துக்கொண்டே, "குணசுந்தரி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார்.

குணசுந்தரி நிமிர்ந்தாள். "எம் பேரு இவருக்கு எப்டி தெரியும்?"

பாஸ்கரன் 'தேங்க் யூ' தாளைத் தூக்கிக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"சார், உங்களத்தான் கேக்கறேன். என்னப் பத்தி இன்னா எழுதனீங்க?"

"நல்லதாத்தான் எழுதினேன்," என்று கிசுகிசுத்தார் பாஸ்கரன். "குழாயடி பத்தி..."

"கொழாயடியா! தெரு பூரா பேசறது போதாதுன்னு ஒலகம் பூராவும் சொல்லியாச்சா?" கட்டிய தொண்டை தெருமுனை வரை கேட்டது. வாசலில் சம்பங்கி, "நான்தான் அப்பவே சொன்னனே," என்றார்.

"உங்களத் தாண்டி ஒரு குடம்கூடப் போனதில்லன்னு எழுதினேன், அவ்வளவுதான்."

குணசுந்தரி ஒரு நிமிடம் யோசித்தாள். "அது நெசந்தான?" என்று தணிந்தாள்.

திரையில் கோச் மிரண்டு போயிருந்தார். மறுபடி பக்கவாட்டில் பார்த்தார். பிறகு கைகளைக் கூப்பி, "மேடம், உங்கள் குரல் இவ்வளவு பலமாக இருப்பதைக் கேட்க நிம்மதியாக இருக்கிறது," என்றார். "இந்த வீட்டில் சனிக்கிழமை விடிவதே உங்கள் பட்டியலுக்காகத்தான்."

பாஸ்கரனால் அதற்குமேல் தரையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இவ்வளவு நல்ல மனிதரைத் தாளில் எழுதிக் காட்டி ஏமாற்றுவதா? மடியில் இருந்த படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்து, திரைக்கு முன்னால் வந்து நின்றார். குணசுந்தரி சத்தமில்லாமல் நாற்காலியை விட்டு நகர்ந்துகொண்டாள்.

"கோச், மன்னிக்கணும். மங்களம் இவங்க இல்லை. இதுதான் மங்களம்," என்று ஆங்கிலத்தில் சொல்லிப் படத்தைத் திருப்பிக் காட்டினார். "அவ போய் ஏழு மாசம் ஆச்சு. நான் அவ புருஷன். பாகங்களை அளந்து பார்க்கிறவன். கூடைப்பந்து எனக்குத் தெரியாது. உங்க எழுத்தைப் படிச்சுப் படிச்சுத்தான் நாலு வார்த்தை கத்துக்கிட்டேன். அவ பேரு சனிக்கிழமை சனிக்கிழமை அங்க வரணும்னு ஒரு ஆசை, வேற ஒண்ணும் இல்லை. இனிமே எழுத மாட்டேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கு உள்ளே ஏதோ காலியானது. இனி அந்தப் பெயர் வராது.

 திரையின் பக்கவாட்டிலிருந்து ஒரு பெண் விசும்புகிற சத்தம் கேட்டது. கோச் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார், கடைசியில் விசிலையும் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்," என்றார் அந்த மனிதர். "நான் எதிர் வீட்டில் முடி வெட்டுகிறவன், கோச் இறந்து மூன்று வருஷம் ஆகிறது, அவர் பெயரில் எழுதுகிற அவர் மனைவி இதோ கதவுக்குப் பின்னால் நிற்கிறார், கூடைப்பந்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மங்களம் பரிந்துரைத்ததுதானாம்."