பதினோரு நிமிடத்தில் முடிந்த ஏழாண்டுப் போர்

அன்பும் அறிவும் அளவுக்கு மேல் வாய்த்த என் மைத்துனருக்கு,

இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் அக்கா நலம். சமையலறைக் குழாயும் நலம், முந்தாநாள்தான் சரிசெய்தார்கள். நான் நலமில்லை. அதற்குக் காரணம் தாங்கள் என்பதால், தங்கள் உடல்நலத்தையும் உத்தியோக உயர்வையும் முதலிலேயே விசாரித்து வைத்துவிடுகிறேன். பிறகு கோபத்தில் மறந்துவிடும்.

போன விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, செல்போனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அத்தான், உங்க கிளாஸ்ல பசங்க ஏன் தூங்குறாங்க தெரியுமா?" வெயில், மதிய பீரியட், மின்விசிறிக் கோளாறு என்று நான் காரணங்களை அடுக்குவதற்குள், "நீங்க பாடம் நடத்துறதாலதான்" என்று நீங்களே விடையும் சொன்னீர்கள். உங்கள் அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறவன் அதையும் தாங்கிக்கொண்டேன். ஆனால் நீங்கள் அத்தோடு விட்டீர்களா? மறுநாளே எங்கள் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்து, சுவரில் படம் படமாகக் காட்டி, உங்கள் கம்பெனியின் விளையாட்டுச் செயலியை அவர் தலையில் கட்டிவிட்டுத்தான் ரயில் ஏறினீர்கள். அவர் அதை அப்படியே கழற்றி என் தலையில் கட்டினார்.

நூலகத்து அலமாரிகள் நடைபாதைக்கு வந்தன. அந்த இடத்தில் நாற்பத்தோரு டேப்லட் வந்து உட்கார்ந்தன. எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. செயலியைத் திறந்ததற்கு திரையில் எனக்கு ஒரு வெண்கல ஆந்தைப் பதக்கம் விழுந்தது, மூடியதற்கு இன்னொன்று. தலைமை ஆசிரியர் தங்க ஆந்தை வாங்கிவிட்டார். எப்படி என்று கேட்டேன். "தினமும் திறந்து பார்க்கிறேன் சார், அவ்வளவுதான்" என்றார். மாணவர்கள் ஆசிரியருக்கு நட்சத்திரம் போடும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. ஐந்துக்கு எனக்கு ஒன்று புள்ளி ஆறு. 'விருந்தினர்' என்ற பெயரில் யாரோ இரண்டு நட்சத்திரம் போட்டு, "வீட்டிலும் இப்படித்தான்" என்று எழுதியிருக்கிறார்கள். அது யார் என்று நான் விசாரிக்கவில்லை, குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது.

இனி உப்புப் போருக்கு வருகிறேன். மேற்கு நாட்டு அரசரும் கிழக்கு நாட்டு அரசரும் ஓர் உப்பளத்துக்காக ஏழு ஆண்டு அடித்துக்கொண்டு, எண்ணாயிரம் பேர் செத்து, கடைசியில் கிழக்கு நாட்டார் தோற்று, உடன்படிக்கை செய்துகொண்ட பாடம். பரீட்சையில் அதற்கு ஐந்து மதிப்பெண் நிச்சயம். உங்கள் பயிற்சியாளர் சொன்னபடி, வகுப்பில் ஆளுக்கொரு சரித்திரப் பாத்திரத்தின் பெயரில் செயலியில் கணக்குத் தொடங்கினார்கள். மந்திரி அரசருக்கு நட்பு அழைப்பு விடுத்தார், அரசர் ஏற்கவில்லை. பாடநூலின்படி மூன்றாம் ஆண்டிலேயே செத்துப்போன சேனாதிபதி தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவன் குதிரைக்கும் கணக்குத் தொடங்கினான். அரசரைப் பின்தொடர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர், குதிரையை நூற்று நாற்பது பேர். மற்ற வகுப்புகளிலிருந்தும் வந்து பின்தொடர்ந்தார்கள், என்ன செய்ய?

மேற்கு நாட்டு அரசராக இருந்தது மூன்றாம் வரிசையில் ஓசையே இல்லாமல் உட்காரும் ஒரு பெண். அன்றிலிருந்து எல்லோரும் அவளைச் சக்கரவர்த்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள். போர் தொடங்க வேண்டிய நாளில் அவள் குழுவில் ஒரு செய்தி போட்டாள்: உப்பளத்தை ஒற்றைப்படை நாளில் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், இரட்டைப்படை நாளில் நாங்கள், சம்மதமா? வாக்கெடுப்பு நடந்தது. முப்பத்தெட்டுப் பேர் சம்மதம், குதிரை நடுநிலை. பதினோரு நிமிடத்தில் சமாதானம்! செயலி பட்டாசு வெடித்து, ஆளுக்கு ஐந்நூறு பாயின்ட் கொடுத்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "ஏம்மா, போர் நடந்தே ஆகணும்மா. அஞ்சு மார்க் இருக்கு" என்றேன். "அஞ்சு மார்க்குக்காக எட்டாயிரம் பேர் சாகணுமா சார்?" என்று கேட்டாள். அதற்கு ஆசிரியர் கையேட்டில் விடை இல்லை மாப்பிள்ளை, தேடிப் பார்த்துவிட்டேன்.

பிள்ளைகள் செய்யாத போரைப் பெற்றோர் செய்தார்கள். செயலியில் அவர்களுக்கும் ஒரு குழு உண்டு என்பதை நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள் அல்லவா? கிழக்கு நாட்டு அரசராக இருந்த பையனின் அப்பா, கட்டட கான்ட்ராக்டர், "எங்க பையனுக்கு மட்டும் ஏன் தோத்த ராஜா வேஷம்?" என்று ஆரம்பித்தார். சக்கரவர்த்தியின் அம்மா பல் மருத்துவர். "தோக்கிறதுக்கும் ஒரு பக்குவம் வேணும் சார்" என்று பதில் போட்டார். அவர் இவர் வளர்ப்பைப் பற்றி எழுத, இவர் அவர் பல்லைப் பற்றி எழுத, கட்சி பிரிந்து ஏழு நாள் நடந்தது. அந்த ஏழு நாளும் உங்கள் செயலியின் வரைபடத்தில் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. ஈடுபாடு தொண்ணூற்றேழு சதவீதமாம். தலைமை ஆசிரியர் அதைச் சட்டம் போட்டு அறையில் மாட்டினார்.

பரீட்சை வந்தது. 'உப்புப் போரின் விளைவுகளை எழுதுக.' நாற்பத்தோரு பேரில் முப்பத்தெட்டுப் பேர், போரே நடக்கவில்லை, பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். சரியாக எழுதியவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் சமாதானம் ஆன அன்று காய்ச்சலில் வராதவர்கள், ஒருவனுக்கு டேப்லட் வேலை செய்யவில்லை. முப்பத்தெட்டுப் பேருக்கும் முட்டை போட்டேன்.

தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். முதலில் உட்காரச் சொன்னார், அப்போதே எனக்குச் சந்தேகம். "சார், அடுத்த வாரம் ஆய்வாளர் வர்றாங்க. ஈடுபாடு தொண்ணூத்தேழு, மார்க் சைபர்னா எப்படி? மாற்று விடையும் ஏத்துக்கலாம்னு ஒரு கையெழுத்து போடுங்க."

"சார், போர் நடந்தது சார். எட்டாயிரம் பேர் செத்திருக்காங்க."

"அது எப்பவோ நடந்தது சார். வரைபடம் போன வாரம் வந்தது. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

வரைபடத்தைத் திருத்த முடியாது, அதனால் வரலாற்றைத் திருத்தச் சொல்கிறார். நான் மறுத்தேன். மூன்று நாளில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல் மெமோ. வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "எழுத்துப்பிழை மூணு இருக்கு" என்றாள். ஆனால் அன்று எனக்குக் காபி கேட்காமலே வந்தது.

ஆய்வாளர் அம்மா வந்தார். விடைத்தாள்களைப் புரட்டிவிட்டு நேரே மூன்றாம் வரிசைக்குப் போய், "உப்புப் போர் எத்தனை நாள் நடந்தது?" என்று கேட்டார். சக்கரவர்த்தி எழுந்து, "நிஜத்துல ஏழு வருஷம் மேடம்" என்றாள்.

"அப்புறம் ஏன் பரீட்சையில நடக்கலைன்னு எழுதுன?"

"சமாதானத்துக்குத்தான் ஐநூறு பாயின்ட் குடுத்தாங்க மேடம். பாயின்ட் குடுக்கிறதுதானே சரியான விடை?"

தலைமை ஆசிரியர் கையிலிருந்த டேப்லட்டைத் தானாக மூடிக்கொண்டார், அதற்கும் அவருக்கு ஓர் ஆந்தை விழுந்திருக்கும். நான் மட்டும் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் யாரையும் குத்திக் காட்டவில்லை. இத்தனை வருஷமாக நாங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் ஒப்பித்தாள். செயலி வருவதற்கு முன்னால் பாயின்டுக்கு மார்க் என்று பெயர், அவ்வளவுதான் வித்தியாசம். இது என் மனதில் முள்ளாகக் கிடக்கிறது.

ஆய்வாளர் அம்மா பதிவேட்டில், 'தொழில்நுட்பப் பயன்பாடு மிகச் சிறப்பு. மறுதேர்வு நடத்தவும்' என்று எழுதி, எல்லோருடனும் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார். மெமோ சத்தமில்லாமல் திரும்பப் பெறப்பட்டது. டேப்லட்டுகளை அலமாரியில் பூட்டச் சொன்னேன். இரண்டு வாரம் சாக்பீஸும் கரும்பலகையுமாகத் தொண்டை வறள நடத்தினேன். மறுதேர்வில் நாற்பத்தோரு பேரும் தேர்ச்சி! பதினேழு பேருக்கு முழு மதிப்பெண்! உங்கள் ஆந்தைகள் ஓராண்டில் செய்யாததைச் சாக்பீஸ் பதினான்கு நாளில் செய்தது என்பதைத் தங்கள் கம்பெனி மேலிடத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும். என் கணக்கை அழித்துவிடவும். இனிமேல் வகுப்பறைக்குள் விளையாட்டு என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

மற்றபடி தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, நல்ல பேர் எடுத்து, தகப்பனாரின் தொழிலுக்கு மட்டும் போகாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அக்காளின் கணவன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு சேதி. மறுதேர்வுக்குப் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று இன்று காலை தெரிந்தது. சக்கரவர்த்தியும் குதிரையும் சேர்ந்து, கம்ப்யூட்டர் வகுப்பில் தாங்களாகவே ஒரு விளையாட்டுச் செய்து, உங்கள் செயலியிலேயே ஏற்றி, எல்லோரும் வீட்டுப் போனில் ஆடியிருக்கிறார்கள். பெயர் 'சார் வர்றார்'. மீசையும் பிரம்புமாக நான் நடைபாதையில் துரத்துகிறேன், பிடிபட்டால் உப்புப் போரில் ஒரு கேள்வி கேட்கிறேன். தப்பாகச் சொன்னால், என் பாடத்தை என் குரலிலேயே இரண்டு நிமிடம் கேட்க வேண்டும். திருட்டுத்தனமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்டிப்பதற்காகத்தான் என் போனில் ஏற்றிக்கொண்டேன். உடன்படிக்கையில் முதலில் கையெழுத்திட்டவர் யார் என்று கேட்டது. மேற்கு நாட்டு அரசர் என்றேன். தப்பு என்றது. பாடநூலை எடுத்துப் பார்த்தேன், தப்புதான். இருபத்தாறு வருஷமாகத் தப்பு. என் கணக்கை இப்போதைக்கு அழிக்க வேண்டாம். ஐந்தாம் நிலையில் என்னிடமிருந்து நான் தப்பிக்க முடியவில்லை, வழி தெரிந்தால் உடனே போன் செய்யவும். உங்கள் அக்கா எட்டாம் நிலையில் இருக்கிறாள், கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.