சும்மா கண்ணை மூடியவர்

பகலில் தூங்குகிறவர்களில் இரண்டு சாதி. தூங்குகிறேன் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் ஒன்று. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை, விட்டுவிடுவோம். நாம் பார்க்கப்போவது மற்றது. வாய் திறந்திருக்கும், குறட்டை தெருவைத் தாண்டும், தலையணை நனைந்திருக்கும். ஆனாலும் அவர்கள் தூங்கவில்லை. சும்மா கண்ணை மூடியிருந்தார்கள்.

உத்திரமேரூரில் பஸ் நிலையத்துக்கு எதிரே மெத்தைக் கடை வைத்திருக்கும் உபைதுல்லா பாயைப் பாருங்கள். "பகல்ல தூங்கறவன் கடை உருப்படுமா?" என்று பக்கத்து டீக்கடையில் காலையில் பேசுவார். மதியம் மனைவி ஜாஹிதா கொண்டுவரும் சோறும் தாளிச்சாவும் உள்ளே இறங்கியதும், பஞ்சு சமமாக இருக்கிறதா என்று பார்க்க விற்பனை மெத்தையில் உட்காருவார். பிறகு முழங்கையால் பார்ப்பார். பிறகு முதுகால். மேலே மின்விசிறி, வெளியே காஞ்சிபுரம் பஸ்ஸின் ஹாரன் பாலாற்றுக்கு அக்கரையிலிருந்து வருவதுபோல் மெலிந்து மெலிந்து... ஆகா! அந்தச் சுகத்தை வேறெதில் காண்பது? எழுந்து முகம் கழுவினால் பாய் புது மனிதர். பத்து மெத்தையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறவரிடமும் சிரிப்பார். தூக்கம் தவறிய நாளிலோ மெத்தையைத் தொட்டாலே கடிப்பார். அது தெரிந்துதான் அந்த நேரத்தில் ஜாஹிதா கடையைப் பார்த்துக்கொள்வாள்.

"தூங்கினா நல்லதுதானே, ஒத்துக்கினா இன்னாங்க?" என்பாள்.

"யாரு தூங்கினது?"

அதே தெருவில் பளபளவென்று புதிய மெத்தைக் கடை ஒன்று திறந்து, பாயின் வியாபாரம் படுத்திருந்த சமயம். மகள் காவியாவின் கல்யாணத்துக்கு மெத்தை வாங்க மானாம்பதி முத்துவேல் வந்தார், மகளோடு. பாய் அப்போது முதுகால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எயுப்பாதம்மா," என்று முத்துவேல் மகளிடம் கிசுகிசுத்தார். "எப்டி தூங்கறாரு பாரு."

பாய் விலுக்கென்று எழுந்தார். "யாரு தூங்கினது? சும்மா கண்ண மூடிக்கினு இருந்தேன்!"

முத்துவேலின் முகம் விழுந்துவிட்டது. "தூங்கலியா பாய்? பஸ்ஸு இந்தக் கத்து கத்துது, இதுலயும் மனுசன் தூங்கறாரே, இந்த மெத்தையவே பொண்ணுக்கு வாங்கிடலாம்னு நெனச்சேன். இதுல படுத்தா தூக்கம் வராதுன்னா இன்னாத்துக்கு? வாம்மா, புதுக்கடையப் பாத்துக்கினு வரலாம்."

பாய் மனைவியைப் பார்த்தார். ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவாள் என்று நினைத்தார். அவளோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். ஒரு பக்கம் மானம். மறுபக்கம், செருப்பில் கால் நுழைத்துவிட்ட முத்துவேல்.

"அண்ணா... தூங்கினேன்."

"இன்னா பாய்? கேக்கல."

"தூங்கினேண்ணா! கனவே வந்துச்சு!"

டீக்கடையில் எல்லாத் தலையும் திரும்பியது.

"இன்னா கனவு பாய்?" என்றாள் காவியா.

"மெத்த விக்கறாப்பல."

அவள் சிரித்துவிட்டாள். விற்றாயிற்று.

மெத்தையோடு வேன் கிளம்பியதும் ஜாஹிதா பிடித்துக்கொண்டாள். "கட்டிக்கினு வந்ததுலேர்ந்து கேக்கறேன். என்னாண்ட ஒத்துக்கல. மானாம்பதிக்காரராண்ட ஒத்துக்கினீங்களே!"

"அதுவா?" என்றார் பாய், தலையணையின் ஈரப்பக்கத்தைத் திருப்பிப் போட்டபடி. "அது யாவாரத்துக்குச் சொன்னது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓடிக்கொண்டிருக்கும் டி.வி.யை வீட்டில் யாராவது அணைத்தால், "பாத்துக்கிட்டுதானே இருக்கேன்!" என்று துள்ளி எழுகிறாரே ஒருவர், அவரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?