பிளெய்ன்ஸ்பரோவில் ரத்தக்காட்டேரி

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவுக்கு ரத்தக்காட்டேரி வந்துவிட்டது. உறுதியான செய்தி. தமிழ் வாட்ஸ்ஆப் குழுவிலேயே வந்துவிட்டது. அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

காட்டேரியைப் பிடிக்க ஆளும் வந்துவிட்டார். பெயர் குருதிநாத அடிகள். ஊரில் இருந்தவரை வெறும் கோபாலசாமிதான். விசிட்டர் விசா கைக்கு வந்ததும் அடிகள் ஆகிவிட்டார். இந்த வாரம் நியூ ஜெர்சி, அடுத்த வாரம் டெக்சஸில் ஆலன், அதற்கடுத்து கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரா. தமிழ்நாட்டுக் காட்டேரிகளையெல்லாம் பிடித்து முடித்துவிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெய்வக்குற்றம் ஆகிவிடுமே!

ஞாயிற்றுக்கிழமை காலை அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. பாதிக் கார்கள் தானாக ஓடும் வகை. அவற்றிலிருந்து இறங்கியவர்களுக்குத்தான் யாராவது வழிகாட்ட வேண்டியிருந்தது. குடியிருப்பு அலுவலகத்தில் பேயோட்டுவதற்கு அறை கொடுக்க மாட்டார்கள் என்பதால், பிறந்தநாள் விழா என்று சொல்லி ஹாலை எடுத்திருந்தார் கிட்டுசாமி.

கிட்டுசாமி கோயம்புத்தூர்க்காரர். படிப்பு, வேலை, வீட்டுக்கடன் எல்லாம் ஒழுங்காக உள்ளவர். மருந்துக் கம்பெனியில் வேலை. புது மருந்தைச் சிலருக்கும் வெறும் மாவு மாத்திரையைச் சிலருக்கும் (இவர்கள்தான் 'கன்ட்ரோல் குரூப்') கொடுத்து, இரண்டு கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கிறார்களே, அந்தக் கணக்கைச் சரிபார்ப்பவர். "கன்ட்ரோல் குரூப் எங்க? அது இல்லாம எனக்கு எதையும் அனுப்பாதீங்க" என்று வீட்டிலிருந்தே போனில் கத்துவார். வெள்ளைக்காரத் துரைகளே அவர் கையெழுத்துக்குக் காத்திருப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் அன்று காலை பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, அடிகளுக்கு நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரே மகள் ரக்ஷா, ஹைஸ்கூல் படிக்கிறாள். இரண்டு மாதமாக முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பகலெல்லாம் தூக்கம். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் கட்டியைக் கடகடவென்று கடித்துத் தின்பாள்.

டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு ரத்தசோகை என்று சொன்னார். இரும்புச்சத்து அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் இதயத்துக்குச் சிரமம். செவ்வாய்க்கிழமைக்கு நேரமும் கொடுத்தார். ஐஸ் தின்பதுகூட இதே குறைபாட்டின் அறிகுறிதான் என்றார். இவ்வளவு தெளிவாகச் சொன்னால் நம் ஆட்கள் எப்படி நம்புவார்கள்?

ரக்ஷாவின் அம்மா சாரதா நம்பவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடைத்திருந்தது. ரக்ஷா விடாமல் பார்க்கும் டிவி தொடர் 'ஆஷ்வுட் ஹன்டர்ஸ்'. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையில் புத்தகத்துக்குப் பதில் கூர் சீவிய மரக்கட்டை வைத்துக்கொண்டு ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் கதை. ஒருநாள் சாரதா துணி மடித்துக்கொண்டே ஒரு எபிசோடைப் பார்த்துவிட்டாள். அதில் காட்டேரி கடித்த பெண் வெளுத்துப் போகிறாள். பகலில் தூங்குகிறாள். பூண்டைக் கண்டால் அலறுகிறாள்.

"என்னங்க, நம்ம ரக்ஷாவும் ரசத்துல பூண்டை ஒதுக்கி வைக்கிறா!" என்றாள் சாரதா, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

ரசத்தில் பூண்டை ஒதுக்காத பிள்ளை அமெரிக்காவில் எங்கே இருக்கிறது என்று கிட்டுசாமி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாரதா அதைத் தாமரைச்செல்வியிடம் சொன்னாள். தாமரைச்செல்வி வாட்ஸ்ஆப் குழுவின் அட்மின். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு வீட்டில் பூண்டு ஒதுக்கும் பிள்ளைகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். டிவி வழியாகக் காட்டேரி இறங்குகிறது என்று அடிகளிடமிருந்து வாய்ஸ் மெசேஜும் வந்துவிட்டது.

அடிகள் மேடையில் உட்கார்ந்தார். தாடி, ருத்ராட்சம், சிவப்பு வேட்டி, காலில் புத்தம் புது ஸ்போர்ட்ஸ் ஷூ. முன்னால் இரண்டு செம்புகள். ஒன்று வெள்ளி, ஒன்று தாமிரம். பக்கத்தில் மஞ்சள் கிண்ணம், எலுமிச்சம்பழக் குவியல்.

"வெள்ளிச் செம்பு நல்லவங்களுக்கு. தாமிரச் செம்பு பீடை புடிச்சவங்களுக்கு. எந்தச் செம்புன்னு நான் முடிவு பண்றதில்ல, உத்தரவு வரும்" என்றார் அடிகள்.

உத்தரவு நன்றாகவே வந்தது. உள்ளங்கையில் மஞ்சளைப் பூசுவார். வெள்ளிச் செம்புத் தண்ணீரை ஊற்றினால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். "சுத்தம், போ." சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் சுத்தம். தீராத கவலையோடு வந்தவர்களுக்குத் தாமிரச் செம்பு. ஊற்றிய மாத்திரத்தில் உள்ளங்கை ரத்தச் சிவப்பாகும். ஹாலே "ஐயோ" என்று கத்தும்.

முதலில் சிவந்தது நெடுஞ்செழியன் கை. சாமியே இல்லை என்று மேடை போட்டுப் பேசிய அப்பா, ஆசை ஆசையாக வைத்த பெயர். பிள்ளை முதல் வரிசையில் கை நீட்டிக்கொண்டு நின்றான்.

"சாமி, கிரீன் கார்டு ஃபைல் நகரவே மாட்டேங்குது. அப்ளை பண்ணி வருஷக்கணக்கா ஆச்சு."

"எப்படிப்பா நகரும்? உன் ஃபைல் மேல உக்காந்து ரத்தத்த உறிஞ்சுதே!"

ஃபைலுக்கு ஏது ரத்தம்? யாரும் கேட்கவில்லை. அடிகள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். சிவப்பு மறைந்து கை மறுபடி மஞ்சளானது. காட்டேரி அடங்கிவிட்டதாம். ஆனால் முழுக்கப் போகவில்லையாம். போக வேண்டுமானால் தாயத்து கட்ட வேண்டுமாம். நெடுஞ்செழியன் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சேர்த்துத் தாயத்து வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி போனான்.

அடுத்து ரக்ஷா. நிற்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தவளைச் சாரதா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். அடிகள் அவளுடைய வலது கையில் மஞ்சள் பூசினார். கண்ணை மூடினார். தாமிரச் செம்பு சாய்ந்தது. வெளுத்துப்போன அந்தச் சின்னக் கையில் சிவப்பு குபீரென்று பரவியதும் சாரதா அழுதுவிட்டாள்.

"இது சாதாரணம் இல்ல தாயி. ஆஸ்பத்திரில ஊசி போடச் சொன்னாங்களா?"

"ஆமா சாமி, செவ்வாக்கிழமை."

"கூடவே கூடாது! ஊசி போட்ட ஓட்டை வழியா இன்னும் உள்ள போயிரும். இரும்பு ஏத்துனா அதுக்குப் பலம் ஏறும். ஒரு மண்டலத்துக்கு மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. என் தீர்த்தம் மட்டும்தான்."

கிட்டுசாமி போனை எடுத்தார். ஆஸ்பத்திரி ஆப்பைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்டைத் தேடி, ரத்து செய்யும் பட்டனைத் தொட்டார். 'நிச்சயமாகவா?' என்று போன் கேட்டது. அந்த ஹாலில் அன்று காலையிலிருந்து கேட்கப்பட்ட உருப்படியான ஒரே கேள்வி அதுதான். அதையும் ஒரு இயந்திரம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அப்பா." ரக்ஷாவுக்கு மூச்சு வாங்கியது. "வேர் இஸ் யுவர் கன்ட்ரோல் குரூப்?"

கிட்டுசாமியின் விரல் நின்றது.

"யூ ஆல்வேஸ் யெல் அபௌட் இட். ஹி யூஸ்ட் தட் காப்பர் பாட் ஒன்லி ஆன் பீப்பிள் வித் ப்ராப்ளம்ஸ். வொய் நாட் ஆன் யூ? வொய் நாட் ஆன் ஹிம்?"

"பாத்தீங்களா! அது பேசுது! இங்கிலீஷ்ல பேசுது!" என்று அலறினார் அடிகள். கூட்டம் நடுங்கியது. பிறந்ததிலிருந்தே ரக்ஷா இங்கிலீஷில்தான் பேசுகிறாள் என்பது பெற்ற தாய்க்கே அப்போது மறந்துவிட்டது.

ரக்ஷா கண்ணைச் சுழற்றினாள். "அந்த டம்ப் ஷோலகூட, அப்பா, அம்மா பார்த்த அதே எபிசோட்ல, தே டெஸ்ட் எவ்ரிபடி. ஹன்டரையும் டெஸ்ட் பண்ணுவாங்க. ஒருத்தன் மட்டும் கை நீட்ட மாட்டான். அவன்தான் வேம்பையர்." அரைகுறைத் தமிழ்தான். விஷயம் அரைகுறையாக இல்லை. சாரதா பூண்டு வரும் இடத்தோடு துணியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எபிசோடை முடிவு வரை பார்த்தவள் மகள்தான்.

கிட்டுசாமிக்கு முகம் ஜிவ்வென்று சூடேறியது. ஆபீசில் ஒருத்தர் இப்படி ஒரு சோதனையைக் கொண்டு வந்து நீட்டியிருந்தால், காகிதத்தை மூஞ்சியில் விட்டெறிந்திருப்பார். மகள் உயிர் விஷயத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"சாமி, தப்பா நினைச்சுக்காதீங்க. சின்னதா ஒரு டெஸ்ட்."

ரக்ஷாவின் இடது கையில் மஞ்சளைப் பூசி, தன் பாட்டில் தண்ணீரை ஊற்றினார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அதே பெண், அதே மஞ்சள், அதே காட்டேரி. ஒரு கைக்குப் பிடித்த பீடை மறு கைக்குப் பிடிக்கவில்லை. பிறகு தன் கையில் மஞ்சளைப் பூசி, தாமிரச் செம்புத் தண்ணீரை ஊற்றினார். ரத்தச் சிவப்பு. சாரதாவின் கையைப் பிடித்து அதையே செய்தார். அதுவும் சிவப்பு.

அடிகள் அசரவில்லை. எழுந்து நின்று கைகளை உயர்த்தினார். "ஐயோ, பரவிருச்சு! சோதிக்கப் போனவனையும் புடிச்சிருச்சு! இந்த ஹாலே மாட்டிக்கிச்சு! எல்லாரும் வரிசையில வாங்க!"

சத்தியமாகச் சொல்கிறேன், பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள்.

காப்பாற்றியது தாமரைச்செல்விதான். சந்தேகப்பட்டு அல்ல, பக்தி முற்றி. சாமியை ஒருவர் சோதிப்பதா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. "சாமி, நீங்க கையைக் காட்டுங்க. உங்க கை சிவக்காது. இவங்க வாயை அடைச்சிரலாம்" என்று சொல்லி, தாமிரச் செம்பைத் தூக்கினாள்.

"வேணாம்மா... சித்தன் கையைச் சோதிக்கக் கூடாது..."

"கொஞ்சூண்டுதான் சாமி!"

காலையிலிருந்து எல்லோருக்கும் மஞ்சள் பூசிய விரல்கள். அவர் கையை இழுத்துக்கொள்வதற்குள் தாமரைச்செல்வி ஊற்றிவிட்டாள். ஐந்து விரலும் சிவந்தன. அடிகள் அவசரமாக எலுமிச்சம்பழத்துக்குத் தாவினார். எந்தப் பீடையும் இல்லாதவருக்கு எலுமிச்சம்பழம் எதற்கு?

தாமரைச்செல்வி செம்பை மூக்கருகே கொண்டுபோனாள். தண்ணீரை விரலில் தொட்டுத் தேய்த்தாள். அவள் முகம் மாறியது.

"சுண்ணாம்புத் தண்ணிங்க இது! மஞ்சளும் சுண்ணாம்பும்! ஆரத்தி! நம்ம ஆரத்திங்க இது!"

கல்யாணம், வளைகாப்பு, புது வீடு, புது கார் என்று ஒவ்வொன்றுக்கும் ஆரத்தி கரைத்த கைகள் அங்கே நிறைய இருந்தன. எத்தனையோ முறை தங்கள் கையாலேயே சிவக்க வைத்த தண்ணீர்தான். தட்டில் இருந்தால் ஆரத்தி, தாடிக்காரர் செம்பில் இருந்தால் ரத்தம்! வேதியியலில் பட்டம் பெற்றவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

"எந்தப் பொண்ணுக்குய்யா ஊசி வேணாம்னு சொன்னே?" என்று கத்தினார் கிட்டுசாமி. மரியாதை போய்விட்டது, கோயம்புத்தூரும் சேர்ந்து போய்விட்டது. "என் பொண்ணு செத்திருந்தா என்ன சொல்லியிருப்பே? காட்டேரி கொண்டு போயிருச்சுன்னா?"

அதைத்தான் சொல்லியிருப்பார். அடிகள் சிவப்பு வேட்டியை மடித்துக் கட்டினார். புது ஸ்போர்ட்ஸ் ஷூ எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. தாயத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டு நெடுஞ்செழியன் பின்னாலேயே ஓடினான். அவன் மட்டும் ஓடினான். மற்றவர்கள், ஒருவேளை தாயத்தில் சக்தி இருந்தால் என்ன செய்வது என்று அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ரக்ஷாவின் கையில் ஊசி ஏறியது. பழுப்பு நிற மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. சாரதா மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்; யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிட்டுசாமி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ஸ்ஆப் குழுவில் வாக்குவாதம் ஓடியது. அடிகள் நல்லவர்தான், யாரோதான் தண்ணீரை மாற்றிவிட்டார்கள் என்று ஒருவர். ஆலனில் இருக்கும் தங்கைக்கு நிகழ்ச்சி நடக்கும் இடம் வேண்டும் என்று இன்னொருவர். தாமரைச்செல்வி ஆரத்தித் தட்டின் படத்தைப் போட்டு ஒவ்வொருவரையும் திட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்று மூன்றாமவர் கேட்டார். அட்மினே அவள்தான் என்பதால் பிழைத்தாள்.

கிட்டுசாமி போனை அணைத்துவிட்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று மகளிடம் கேட்டார். "ஏம்மா, உங்க ஷோல, அந்தக் காட்டேரி வீட்டுக்குள்ள எப்படித்தான் வரும்? ஜன்னல் வழியாவா?"

ரக்ஷா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "இட் கான்ட், அப்பா. யூ ஹேவ் டு இன்வைட் இட் இன்."

வேட்டி கட்டி, ஹால் பிடித்து, நாற்காலி துடைத்து அழைத்தவர் கிட்டுசாமிதானே!

ரத்தக்காட்டேரி பொய் என்று நினைக்காதீர்கள் மக்களே. அது உண்மை. விமானத்தில் வரும், நாம் பூமாலையோடு போய்க் கூட்டி வருவோம், பிள்ளைகளின் கழுத்தை நாமே நீட்டிக் கொடுப்போம். அது உள்ளே வர நம் அழைப்பு வேண்டும், விசா வேண்டும். நாம் ஒரு நிமிடம் யோசிக்க எந்த விசாவும் வேண்டாம்.