சிடுமூஞ்சி கடை

"மீதியை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று துணியை உதறிவிட்டு, பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்விட்டார் வங்கி மேலாளர். சலூன்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கத்தரியை வைத்துவிட்டுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

முன்பு அது நன்றாக இருந்ததில்லை. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நின்றுபோகும் கோளாறு அவருக்கு. ராத்திரி முழுக்கக் குறட்டை, பகல் முழுக்க எரிச்சல். கடையில் வாயே திறக்கமாட்டார். தெருவில் எல்லாரும் 'சிடுமூஞ்சி கடை' என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் துணியைக் கட்டியதுமே வாடிக்கையாளர்கள் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். தன் மூஞ்சியைப் பார்க்கப் பயந்துதான் மூடுகிறார்கள் என்று மனுஷன் உள்ளுக்குள் நொந்துபோவார். இத்தனைக்கும் பெஞ்சு நிறைய ஆள் காத்திருக்கும்.

ஒருநாள் தொண்டையில் சவரக்கத்தி அசையாமல் நிற்கிறதே என்று கண்ணைத் திறந்த தெருக்கோடி டாக்டர், சலூன்காரர் நின்றபடியே தூங்குவதைப் பார்த்துக் கத்தியை மெல்ல விலக்கினார். முகத்தில் மாட்டிக்கொண்டு படுக்கும் காற்று மெஷினைக் கையோடு ஏற்பாடு செய்தார்.

அவ்வளவுதான், ஆள் அடியோடு மாறிவிட்டார். காலையில் பாட்டு, மகளுக்குத் தலை பின்னல், மனைவியிடம் கேலி. இப்போதுதான் குடித்தனம் நடத்துவது போல இருக்கிறது என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்தாள்.

கடையில்தான் கூட்டம் குறைந்தது. பேச்சுப் போதவில்லையோ என்று ஒவ்வொருவரிடமும் மாமியார் உடம்பு வரைக்கும் விசாரித்தார். இன்னும் குறைந்தது. ஜோக் சொன்னார், ரேடியோவை அலறவிட்டார். பெஞ்சு காலியாகிவிட்டது. கடை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மச்சான் சொன்னதைக் கேட்டு, ஜன்னல் திரையைக் கழற்றிவிட்டு விளக்கு விளக்காக மாட்டினார். அன்றைக்குத்தான் மேலாளர் பாதித் தலையோடு போனது.

"பேசாம அந்த மெஷினை நிறுத்திப் பாருங்களேன்" என்றாள் மனைவி, மனசே இல்லாமல்.

"கடையை மூடினாலும் மூடுவேன். பழைய மூஞ்சியோட உன் முன்னாடி வந்து நிக்கமாட்டேன்."

சொல்லிவிட்டுக் காலியான கல்லாவை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். மறுநாள் டாக்டர் வந்தார். காடாய் வளர்ந்த தலை, சிவந்து குழி விழுந்த கண்கள். சலூன்காரர் அவரை விடவில்லை.

"நீங்களாவது சொல்லுங்க டாக்டர். சிடுசிடுன்னு இருந்தப்ப பயந்து கண்ணை மூடிக்கிட்டாவது உட்கார்ந்தாங்க. இப்ப சிரிச்சா ஓடுறாங்க. ஏன்?"

டாக்டர் எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினார், விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

"பயந்து யாருங்க கண்ணை மூடினது? எங்களுக்கெல்லாம் தூக்கம் வந்த ஒரே இடம் இந்த நாற்காலிதான். உங்களைத் தூங்க வெச்சுட்டு, இப்ப தெருவே முழிச்சுக்கிட்டுக் கிடக்கோம்."