கை நனைக்க ஒரு வீடு

ஏழு ஏரிகளுக்கு நடுவே ஒரு நாடு இருந்தது. அங்கே சட்டப் புத்தகம் மெலிது, வழக்கம்தான் பெரிது. நண்பகலில் உலையை இறக்கியதும் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, தெருவில் நடந்து போகிறவர் யாராயிருந்தாலும், "கை நனைச்சிட்டுப் போங்க" என்று சாப்பிட அழைக்க வேண்டும். அழைத்த பிறகுதான் தன் இலையின் முன் உட்காரலாம். பல்லக்கில் போகிறவர்களை மட்டும் யாரும் அழைப்பதில்லை. அவர்கள் வீட்டில் இதைவிட நல்ல குழம்பு கொதிக்கும் என்பது ஊரார் எண்ணம்.

பூபாலநேசர் பல்லக்கிலேயே வளர்ந்தவர். அவருடைய தாத்தா மூன்று ஏரிக்கரைகளை வைத்துவிட்டுப் போனார், அப்பா இன்னும் இரண்டைச் சேர்த்தார். ஒன்பது வயதில் ஒருநாள் நேசர் திரையை விலக்கியபோது, செங்கமலம் என்ற சிறுமி தன் வீட்டு வாசலில் நின்று, வழியே போன வண்டிக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசனை. தன்னையும் அப்படி ஒருவர் கூப்பிட வேண்டும் என்ற ஏக்கம் அன்றைக்குப் பிடித்தது. பிறகு விடவே இல்லை.

இறங்கி நடந்திருந்தால் போதும். ஆனால் ஒன்றின்மேல் ஆசை வந்தால் அதை விலைக்கு வாங்குவதைத் தவிர வேறு வழி அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. பெரியவரானதும் நேசர் அந்தத் தெருவையே வாங்கினார். வீடுகளுக்கு வெள்ளையடித்து, பெயர்ப்பலகை மாட்டி, விடுதிகளாக்கினார். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. சொந்த வீட்டு வாசலில் நின்று தன்னைத் தானே எப்படி அழைப்பது? ஆகவே அடுத்த தெருவை வாங்கினார். அங்கும் அதே சிக்கல்; இப்படியே நாட்டின் எல்லா வீடுகளும் அவருடைய விடுதிகளாயின.

அரசருக்குப் பெருமை தாங்கவில்லை. நேசரை விருந்தோம்பல் அமைச்சராக்கினார். முதல் ஆணை வந்தது: குடிமக்கள் அனைவரும் இன்றுமுதல் இந்நாட்டின் விருந்தினர்.

"விருந்தாளின்னா நல்ல மரியாதைதானே!" என்று கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார்.

"மரியாதையேதான்" என்றார் தலைமை எழுத்தர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது முன்னோர் வாக்கு. ஆகவே நான்காம் நாள் காலையில் தாங்கள் அறையைக் காலி செய்து, மறுபடி பதிந்துகொள்ள வேண்டும். எல்லாம் தங்கள் வசதிக்காகவே."

விருந்தினர் சமைப்பது விருந்து படைப்பவருக்கு அவமதிப்பு என்றது இரண்டாம் ஆணை. அடுப்புகள் அணைந்தன, பூனைகளுக்குப் படுக்க இடம் கிடைத்தது. வாசலில் நின்று வழிப்போக்கரைச் சாப்பிட அழைப்பது விடுதித் தொழிலுக்கு எதிரான சதி என்றது மூன்றாவது. பழக்க தோஷத்தில் அழைத்துவிட்ட ஒரு தச்சர் ஆறு மாதம் சிறையிலிருந்தார். அங்கே மட்டும் மூன்று நாள் விதி செல்லவில்லை.

பிறகு அரசர் காலமானார். வாரிசு இல்லாததால் அடுத்த அரசருக்கான தேர்தல் வந்தது. வாக்களிக்கும் உரிமை வீட்டுக்காரர்களுக்கு, விருந்தினருக்கு இல்லை. நாட்டில் வீட்டுக்காரர் ஒருவரே மிச்சமிருந்தார். நூறு சதவீத வாக்குப்பதிவு, எதிர்ப்பில்லாத வெற்றி. மக்கள் தீர்ப்பு மகேசன் தீர்ப்பு என்று அரசிதழ் எழுதியது.

முடிசூடிய நண்பகலில் நேசர் முதன்முதலாகப் பல்லக்கை விட்டு இறங்கி அந்தத் தெருவில் நடந்தார். இனியாவது யாரேனும் அழைப்பார்கள் என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு வாசலிலும் குரலில்லை. செங்கமலத்தின் பழைய வீட்டில், விடுதிச் சீருடை அணிந்து, நரைத்த தலையோடு செங்கமலமே நின்றிருந்தாள்.

"வணக்கங்க. அறை பதிஞ்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. நடந்து வந்தேன். பசிக்குது."

அவள் கண் கலங்கியது. "நடந்து வர்றவங்களைக் கூப்பிடாம எனக்குச் சோறு இறங்காதுங்க. நாலு வருசமா அள்ளிப் போட்டுக்கறேன், ருசியே தெரியலை. கூப்பிடணும்னு உசுரு கிடந்து தவிக்குது."

"கூப்பிடேன்."

"எந்த வீட்டுக்குங்க? இது என் வீடு இல்லையே."

நேசர், கூடவே நடந்து வந்த தலைமை எழுத்தர் பக்கம் திரும்பினார். "இந்த ஒரு வீட்டை இவளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன?"

"தாராளமாகக் கொடுக்கலாம், மன்னா" என்று எழுத்தர் பணிந்தார். "ஆனால் வீடு கைக்கு வந்தால், கூடவே ஒரு வாக்கும் வந்துவிடும்."

நேசர் அந்த வாசலுக்கு முதுகைத் திருப்பினார்.

"எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறிக்கொண்டார்.