நாலு மணி நட்சத்திரம்

அன்று அங்கே இருந்தவர்கள்: மெயின்லேண்டிலிருந்து வந்த விஞ்ஞானி சார். அவருடைய மெக்கானிக் தாஸ் பாபு, பெங்காலி. வாட்ச்மேன் நான். டீ கொண்டுவந்த என் மனைவி பாக்கியம். இன்னொன்றும் வந்திருக்க வேண்டும். அது தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

அந்தமானில் ஹட் பே, எழுபதுகள். குடியேற்றத்துக்குக் காடு வெட்டிய இடத்தில் பத்தடி அகல அலுமினியத் தட்டை வானம் பார்த்துச் சாய்த்து வைத்தார்கள். நட்சத்திரம் பிறக்கிற இடத்தில் மேகம் இருக்கிறதாம். அது ரேடியோ ஸ்டேஷன் மாதிரி ஒரே அலைவரிசையில் பேசுமாம். மேசர் என்று பெயர். இரைச்சல் இல்லாத இந்தத் தீவில் அது கேட்கிறதா என்று பார்க்க வந்திருந்தார் சார். நாலு மணி வாக்கில் அது தட்டுக்கு நேரே வரும். தட்டுக்குப் பின்னால் இருந்த குடிசைக்குள் கட்டம் போட்ட பேப்பர் ஓடும், அலைவரிசைக்கு ஒன்றாக நாலு பேனா கோடு போடும். ஒரு கட்டம் ஒரு நிமிஷம். அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள். அதற்குள் கேட்டாக வேண்டும்.

எனக்கும் அதே கப்பல்தான் கெடு. பாக்கியம் கல்யாணமாகி வந்து ஒரு வாரம். கப்பலில் நாலு நாளும் வாந்தி. திரும்பவும் வாந்தி எடுத்துக்கொண்டே ஊருக்குப் போகத் தயார் என்றாள்.

"ஆடு, மாடு, ஆள், எதையும் தட்டுக்கு முன்னால விடாதப்பா" என்றார் சார். விடவில்லை. (நானும் ஆள் என்று தோன்றவில்லை. நான் வாட்ச்மேன்.)

நாங்கள் தங்கிய பாரக் கொட்டகையில் நாலு குடும்பம், நடுவில் சாக்குத் திரை. அந்த ஊரில் மறைவு என்றால் தட்டின் முன்பக்கம்தான். நிழலும் உண்டு. முதல் நாள் பாக்கியம் அங்கே டீயை நீட்டினாள்.

"கப்பல் எப்போ?"

"பன்னெண்டு நாள்."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் வேறு பேச்சுத் தெரியாமல் மேசரைப் பற்றிச் சொன்னேன். "மேகம் பேசுமா? நீங்களே பேச மாட்டேங்கிறீங்க" என்றாள். பிறகு மரவள்ளிக்கிழங்கும் வந்தது.

குடிசைக்குள் சாருக்கு ஒரே சந்தோஷம். தினமும் பேனா ஏறுகிறது. பத்தாம் நாள் 'கிடைத்தது' என்று தந்தி அடித்துவிட்டார். அடித்த பிறகுதான் யோசித்தார். நட்சத்திரம் தினமும் நாலு நிமிஷம் முன்னால் வர வேண்டும். இது டீ நேரத்துக்கு வருகிறது. மேசர் என்றால் ஒரு பேனா ஏற வேண்டும். இங்கே நாலும் ஏறுகிறது.

தட்டைச் சுற்றி வந்தார். விளிம்பில் நாங்கள். என் வாயில் கிழங்கு.

"எத்தனை நாளா கருப்பையா?"

"டீ வர்ற நாள்லேருந்து சார்."

"மனுஷ உடம்புச் சூடும் இதுல தெரியும்பா."

தாஸ் பாபு தரையில் உட்கார்ந்துவிட்டார். "அரே பாய், ஸ்டார் நீதானா?"

"இவருக்கு வேலை போயிருமா சார்?" என்றாள் பாக்கியம். முதல் தடவையாக எனக்காகக் கவலைப்பட்டாள்.

"அது இருக்கட்டும்மா. இப்போ நான் என்னன்னு தந்தி அடிக்கறது? கிடைத்தது ஆள், இரண்டுன்னா?"

மறுநாள் நாங்கள் பலாமரத்தடிக்குப் போய்விட்டோம். ஒரே ஒரு பேனா, நகக்கண் அளவு ஏறியது. அதுதான் என்றார் சார். காற்று என்றார் தாஸ் பாபு.

கப்பல் வந்தது. இரண்டு பேர் ஏறினார்கள். பாக்கியம் ஏறவில்லை. கெட்டுப்போன பேப்பர் சுருளைச் சார் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்றும் நான் வாசலில் டீ குடிக்க உட்கார்ந்தால், "தள்ளி உட்காருங்கப்பா, நட்சத்திரம் மறைக்குது" என்கிறாள் மகள். பேத்தி அந்தச் சுருளை விரித்து, பேனா ஏறிய கட்டங்களை எண்ணுகிறாள். முதல் நாள் மூன்று. பத்தாம் நாள் நாற்பத்தொன்று.