கருப்பு போன தோசைக்கல்

கம்பி நார் இரண்டு தீர்ந்துவிட்டது. தோசைக்கல்லில் இருந்த கருப்பு பாதிதான் போயிருந்தது. மொக்கச்சாமி மூன்றாவது நாரைப் பிரித்தார்.

ஏலக்காய்க் கடையில் அவருக்குத் தேய்க்கிற வேலை. காய்ந்த காயைத் தேய்த்துக் காம்பையும் தூசியையும் உதிர்த்துப் பளபளவென்று எடுத்துக் கொடுப்பார். அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. மனைவி காளீஸ்வரி கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எல்லாம் தூக்கிப் பார்த்து, "இதுக்குப் பேரு வெளக்குனதா?" என்பார். கல்யாணம் ஆன மறுவாரம் ஆரம்பித்த கேள்வி அது.

இன்று கடை லீவு. காளீஸ்வரி விடியுமுன்பே ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போய்விட்டாள். ஆசை ஆசையாக அவள் வாங்கிய கல், மூன்றே மாதத்தில் இப்படியா கரி பிடித்துக் கிடக்கும்? வாங்கிய அன்று அது என்ன நிறத்தில் இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் தோசையைத்தான் பார்த்தார்.

பதினோரு மணிக்குக் கல் வெள்ளியாக மின்னியது. பெருமை தாங்காமல் போட்டோ எடுத்துப் பாத்திரக்கடை சின்ராசுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"மாமா, யாரு செஞ்ச வேல இது?"

"நான்தான் மாப்ளே. எப்பிடி?"

"அது நான்ஸ்டிக் கல்லு மாமா! அந்தக் கருப்பு கரியில்ல. மாவு ஒட்டாம இருக்க கம்பெனிக்காரனே பூசிவிட்டது."

"திரும்பப் பூச முடியாதா?"

"அதென்ன வெள்ளையடிக்கிற சோலியா?"

மொக்கச்சாமி போனை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். கல் போனால் போகட்டும். ஐந்து மணிக்கு ஜீப் வந்துவிடும். காளீஸ்வரி இதைப் பார்த்துவிட்டு அவருடைய கேள்வியை அவரிடமே கேட்டால், அப்புறம் ஆயுசுக்கும் அந்த வீட்டில் அவர் வாய் திறக்க முடியாது.

ஒரு தோசை ஊற்றிப் பார்த்தார். கல்லோடு ஒன்றிவிட்டது. இரும்புக் கரண்டியால் சுரண்டினார். போடிமெட்டு ரோடு மாதிரி வளைந்து வளைந்து கோடு விழுந்தது.

பரணிலிருந்த சிம்னி விளக்கை ஏற்றிக் கல்லைப் புகையில் காட்டினார். கருத்தது. தொட்டார், விரல் கருத்தது. துடைத்தார், வேட்டி கருத்தது.

பைக் சைலன்சருக்கு வாங்கிய கருப்புப் பெயிண்ட் மிச்சமிருந்தது. அதை இரண்டு கோட்டு அடித்துவிட்டு, வெரசாக் காயட்டும் என்று அடுப்பில் வைத்தார். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது.

பக்கத்து வீட்டிலிருந்து மலைச்சாமி குரல் கொடுத்தான். காலில் மாவுக்கட்டோடு ஒரு வாரமாக அவன் வீட்டில்தான் கிடக்கிறான். "என்னண்ணே, வயரு கியரு எரியுதா?"

"இல்லப்பா, தாளிக்கிறேன்!"

அப்போதுதான் உறைத்தது. மலைச்சாமி பெண்டாட்டி முத்துப்பேச்சியும் காளீஸ்வரியும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரிக் கல்தான் வாங்கினார்கள். முத்துப்பேச்சியும் அதே ஜீப்பில்தான் மலைக்குப் போயிருக்கிறாள். கல்லை மாற்றி வைத்தால் யாருக்குத் தெரியும்? முத்துப்பேச்சி பாவம்தான். ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது காளீஸ்வரிக்கு அல்லவா?

பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கல்லைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறமாக நுழைந்தார். முன் அறையில் டிவி ஓடியது. மலைச்சாமி கண்ணை மூடிக் கட்டிலில் படுத்திருந்தான். அடுப்படிச் சுவரில் கல் தொங்கியது. சத்தமில்லாமல் எடுத்துத் திருப்பினார்.

வெள்ளை வெளேர் என்று இருந்தது. கம்பி நார் போட்டுத் தேய்த்த தடம்கூட அப்படியே தெரிந்தது.

இரண்டு கையிலும் இரண்டு வெள்ளைக் கல்லோடு நின்றவருக்கு, முன் அறையிலிருந்து மலைச்சாமியின் குரல் கேட்டது.

"பயப்படாம மாத்திட்டுப் போங்கண்ணே! போன வாரம் காளீஸ்வரி மதினி வந்து மாத்திட்டுப் போனப்பவும் நான் எம்பொண்டாட்டிகிட்ட மூச்சு விடலையே!"